வெட்டுப் பட்டியல்

கனோராவில், ரெம்பல் கசாப்புக் கடையில்
தொலைபேசி எடுப்பதும் பட்டியல் எழுதுவதும் என் வேலை.
கத்தி பிடிப்பதில்லை. பேனாதான்.
ஸ்டேக் எவ்வளவு தடிமன்,
கொத்துக்கறி ஒரு பவுண்டாகவா இரண்டாகவா,
சூப்புக்கு எலும்பு வேண்டுமா,
ஒரு பொட்டலத்தில் எத்தனை துண்டு.

கடைசிக் கேள்வியை மெதுவாகத்தான் கேட்பேன்.
வீட்டில் எத்தனை தட்டு என்பது
அதில் தெரிந்துவிடும்.

ஒரெஸ்ட்டும் ஸ்டெஃபானியாவும்
பதினோரு வருடம் முழுக் காளை வாங்கினார்கள்.
அவள் பேசுவாள், பின்னாலிருந்து அவன் திருத்துவான்,
அவள் அதைத் திரும்பத் திருத்துவாள்,
நான் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருப்பேன்.
ஆரம்பத்தில் பொட்டலத்துக்கு ஐந்து.
மூத்தவன் ரெஜைனாவுக்குப் போனபின் நான்கு.
பிறகு மூன்று.
பிறகு நெடுநாள் இரண்டு.

இந்த நவம்பரில் தனித்தனியாக அழைத்தார்கள்,
செவ்வாய் அவள், வியாழன் அவன்.
காளை மட்டும் அதே காளை.
வசந்தத்திலேயே முன்பணம் கொடுத்தது,
சீட்டில் இரண்டு பேர் கையெழுத்தும் உண்டு.
வக்கீல் நிலத்தைப் பிரித்தார், டிராக்டரைப் பிரித்தார்,
காளை அவர் கண்ணில் படவில்லை போலும்.

மாட்டைப் பிரிப்பது எளிது.
நடுமுதுகில் ரம்பம் ஓடினால்
வலம் ஒன்று, இடம் ஒன்று.
இரண்டு பவுண்டு முன்பின் இருக்கும், யாரும் கேட்பதில்லை.
ஈரலைச் சீவிப் பங்கு வைக்கலாம்.
வால்கூடக் கணுக்கணுவாய்ப் பிரியும்.
இதயத்தை இருவருமே வேண்டாம் என்றார்கள்,
முதலாளியின் நாய்க்கு அன்று விருந்து.
நாக்குதான் ஒன்றே ஒன்று.
அதையும் வெட்டலாம். ஆனால்
அரை நாக்கை யார் வேகவைப்பார்கள்?

“அவனுக்கே போடுங்கள்” என்றாள்.
“முள்ளங்கித் துவையலோடு மூன்று நாள் தின்பான்.
எனக்கு அந்தத் தோலை உரிக்கவே பிடிக்காது.”

வியாழக்கிழமை அவன்:
“அவளுக்குப் போட்டுவிடு.
உரிக்கும்போதே அடுப்பருகில் நின்றபடி
பாதியைத் தின்றுவிடுவாள்.”

இரண்டு பட்டியலிலும் எழுதினேன்.
இரண்டிலும் அடித்தேன்.

பொட்டலத்துக்கு எத்தனை என்றேன்.
கம்பியில் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
“ஒன்று.”
பிறகு, “இல்லை, இரண்டு போடு. யாராவது வந்தால்.”
அவள் செவ்வாயன்றே, நான் கேட்பதற்கு முன்பே
இரண்டு என்றிருந்தாள்.
பழக்கமாக இருக்கலாம். நான் மறுபடி கேட்கவில்லை.

எடுத்துப்போக வந்த வாரம் மைனஸ் முப்பத்தொன்று.
வெளியே வைத்தாலே கல்லாகும் குளிரில்
எல்லோரும் ஃப்ரீசருக்குக் கறி வாங்குகிறோம்.
அவள் பக்கத்து வீட்டு வேனில் வந்தாள்,
துணி துவைக்கும் கூடைகளில் அடுக்கிக்கொண்டாள்.
மறுநாள் அவன், வாழைப்பழ அட்டைப்பெட்டிகளோடு.
ஃப்ரீசர் அவளுக்குப் போயிருந்தது,
புதிதாக ஒன்று வாங்கியிருந்தான், மிகப் பெரியது.
“பாதிதான் நிறையும்” என்றான்,
“மீதியை ரொட்டியால் அடைக்க வேண்டும்.”

நாக்கை அவன் வாங்கிக்கொள்வானா என்று அவள் கேட்டாள்.
நிச்சயம் என்றேன்.
அவள் வாங்கிக்கொண்டாளா என்று அவன் கேட்டான்.
நேற்றே என்றேன்.
எலும்பில்லாத நாக்கு, எதையும் பேசும்.

அது என் வீட்டில் இருக்கிறது,
பட்டாணிப் பைக்கு அடியில்,
மூன்று பவுண்டு, இளஞ்சிவப்புத் தாள்,
பெயர் எழுதும் இடத்தில் தேதி மட்டும்.
வருகிறவர்களிடம் நானேதான் சொல்வேன்:
வருடத்துக்கு மேல் வைக்காதீர்கள்,
தாளுக்குள் காற்று புகுந்தால்
ஓரம் காய்ந்து வெளுத்துவிடும்.

நேற்று ஐஸ்கிரீம் தேடிய மகள்
அதைத் தூக்கிப் பிடித்தாள், செங்கல்லைப் போல.
யாருடையது என்றாள்.
இன்னும் முடிவாகவில்லை என்றேன்,
மூடியைச் சாத்து, குளிர் போகிறது.